மங்கிய லென்ஸைத் துலக்கும் முறை

மூன்றாமாண்டு இளம் அறிவியல் (இயற்பியல்) மாணவன்

கெட்டுப்போன கடிகாரத்தைக் கண்டால் அதன் முதுகைத் திறந்து பார்க்கத் துடிக்கும் கை நம்மில் பலருக்கு உண்டு. வீட்டு ரேடியோவை ஒரு முறையாவது கழற்றிப் பார்க்காத இயற்பியல் மாணவன் இருப்பானா என்பது ஐயமே. அந்தத் துணிச்சல் நல்லதுதான். ஆனால் காமிரா லென்ஸ் என்று வரும்போது அந்தக் கைக்குச் சிறிது கடிவாளம் வேண்டும். பழைய லென்ஸ் ஒன்றைக் கையில் எடுத்துக் கூர்ந்து பாருங்கள். அதன் மேலுள்ள கீறல்களில் பல, காலம் செய்த காயங்கள் அல்ல. யாரோ ஒருவர் மிகுந்த அக்கறையோடு துடைத்ததால் வந்தவை என்பது விளங்கும். துடைக்கும் முறையைச் சொல்ல அதிக நேரம் ஆகாது. எதைத் துடைக்க வேண்டும், எதைத் தொடாமல் விடவேண்டும் என்று கண்டறிவதுதான் நேரம் பிடிக்கும் வேலை. இக்கட்டுரையில் பெரும்பகுதியை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

சொற்களில் குழப்பம் நேராதிருக்க ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காமிராவின் முன்னால் பொருத்தும் முழுக் குழலையும் லென்ஸ் என்றும், அந்தக் குழலுக்குள் வரிசையாக அமைந்துள்ள ஒவ்வொரு கண்ணாடியையும் வில்லை என்றும் குறிப்பிடுவேன்.

நான் கையாண்டது நம் கல்லூரி வரலாற்றுத் துறையின் அலமாரியிலிருந்த ஹீலியோஸ் 44-2 என்னும் சோவியத் நாட்டு லென்ஸ். ஜெனித் ஈ காமிராவோடு சேர்ந்து வந்தது. அதன் வரிசை எண் 77 என்று தொடங்குகிறது; அந்தத் தொழிற்சாலை வழக்கப்படி, 1977-இல் செய்யப்பட்டது என்று பொருள். காமிராவின் திரை இயங்கவில்லை. ஒளிமானியும் உயிரற்றுக் கிடந்தது. லென்ஸோ உள்ளே பால் கலந்தாற்போல் மங்கியிருந்தது. காமிராவும் லென்ஸும் ஆக இரண்டுமே, கண்டம் செய்து ஏலத்துக்கு அனுப்பவேண்டிய பொருள்களின் பட்டியலில் ஏறிவிட்டன. சென்னையில் பழுதுபார்க்கும் கடை ஒன்றில் விசாரித்தால், சொன்ன கூலி இதே போன்ற லென்ஸ் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கும் தொகையைவிட அதிகமாக இருந்தது. பேராசிரியர் ஐயாவிடம், "லென்ஸை மட்டும் நான் பார்க்கட்டுமா?" என்று கேட்டேன். "பார், தம்பி. ஆனால் பட்டியல் போவதற்கு இருபது நாள்தான் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு எடுத்துப் போ. துண்டு துண்டாகக் கொண்டு வந்தாயானால் அதையும் அப்படியே பதிவேட்டில் எழுதிவிடுவேன்" என்றார். வீட்டுக்கு எடுத்துச் சென்றேன்.

இந்த லென்ஸைப் பற்றிச் சில செய்திகள். இதன் குவியத்தூரம் 58 மி.மீ.; முழுத் திறப்பு எஃப் 2. உள்ளே 6 வில்லைகள் 4 தொகுதிகளாக உள்ளன. முன்னால் ஒற்றை வில்லை, அடுத்து இரண்டு ஒன்றோடொன்று ஒட்டப்பட்ட இரட்டை, நடுவில் துவாரத்தை அகட்டிக் குறுக்கும் 8 இதழ்த்தகடுகள், அதற்குப் பின் மீண்டும் ஓர் ஒட்டிய இரட்டை, கடைசியில் ஒற்றை. ஏறக்குறைய கண்ணாடியில் தெரியும் பிம்பம்போல் முன்பாதியும் பின்பாதியும் ஒத்திருக்கும். கணித மேதை காஸ் 1817-இல் தொலைநோக்கிக்காகச் சொன்ன வில்லை அமைப்பை, ஆல்வன் கிளார்க் 1888-இல் இரட்டித்து எதிரெதிராக வைத்தார். அதைத் திருத்தி 1896-இல் சைஸ் நிறுவனத்தின் பால் ருடால்ஃப் பிளானர் லென்ஸை அமைத்தார். அந்தக் குடும்பத்தில் பின்னர்ப் பிறந்தது ஜெர்மனியின் பயோட்டார். பயோட்டாரின் வழிவந்ததே ஹீலியோஸ். கண்டம் செய்ய வைத்திருந்த பொருளின் குலமுறை அப்படிப்பட்டது!

நோயா, தழும்பா?

பழைய லென்ஸைச் சோதிப்பவர்கள் அதன் பின்புறத்தில் டார்ச் விளக்கை வைத்து முன்புறம் பார்ப்பது வழக்கம். தேவையான சோதனைதான். ஆனால் டார்ச் வெளிச்சத்தில் எந்த லென்ஸும் நோயாளியாகத்தான் தெரியும். நேற்று வாங்கிய புதிய லென்ஸில்கூடத் தூசுகள் விண்மீன்களாய் மின்னும். அதைக் கண்டு அஞ்சித் திருப்புளியை எடுப்பவர் இல்லாத நோய்க்கு மருந்து செய்பவராவார்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். 5 மி.மீ. அகலமுள்ள காகிதத் துணுக்கு ஒன்றை லென்ஸின் முன்கண்ணாடியில், விளிம்பில் மட்டும் படும்படி லேசாக நிறுத்தி, துவாரத்தை முழுக்கத் திறந்து, தொலைவிலுள்ள மரத்தைப் படம் எடுங்கள். படத்தில் காகிதத்தைக் காணமுடியாது. ஏனெனில் மரத்தின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வரும் ஒளி முன்வில்லை முழுவதிலும் பரவி நுழைகிறது. காகிதம் அதில் சிறு பகுதியை மறைக்கிறதே தவிர, எந்தப் புள்ளியையும் முழுதாக மறைப்பதில்லை. காகிதமே தெரியவில்லை என்றால், மயிரிழை போன்ற கீறல் எப்படித் தெரியும்? கீறலின் தீங்கு வேறு விதமானது. அதன் கூரிய விளிம்புகள் ஒளியை நாற்புறமும் சிதறச் செய்யும். ஆழமான கீறல் ஒன்றிரண்டு இருந்தால், மெல்லிய தூரிகை நுனியால் கறுப்பு மை தொட்டு அந்தக் கீறலை மட்டும் நிரப்பிவிடும் பழைய வழக்கம் ஒன்று உண்டு. சிதறும் ஒளியைவிட இழந்த ஒளி மேல் என்பதே அதன் தத்துவம். ஆனால் கடைசி வில்லையின் பின்முகத்தில் உள்ள கீறலை இவ்வளவு எளிதாக எண்ணக்கூடாது. அங்கே ஒளிக்கற்றை குறுகிப் படலத்தை நெருங்கிவிடுகிறது. ஆதலால் காயத்தின் நிழல் படத்தில் விழ வாய்ப்புண்டு.

உள்ளே கிடக்கும் தூசுகளையும், பழைய கண்ணாடியில் காணும் சிறு காற்றுக் குமிழிகளையும் அப்படியே விட்டுவிடலாம். வில்லையின் ஓரத்தில் வானவில் நிறத்தில் பளபளக்கும் வளையங்கள் தெரிந்தால், ஒட்டிய இரட்டையின் பசை விட்டுப் பிரியத் தொடங்கியிருக்கிறது என்று அறியலாம். ஆய்வகத்தில் நாம் அளக்கும் நியூட்டன் வளையங்களின் உறவினர்தாம் இவை. இதற்கு வீட்டில் வைத்தியம் இல்லை. சூடேற்றிப் பிரித்து மீண்டும் ஒட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வில்லைகளின் நடு அச்சும் ஒன்றாக அமையாவிட்டால் முன்னிருந்ததைவிட மோசமாகும். ஓரத்தோடு நிற்கும்வரை அதை மறந்துவிடுவதே நலம்.

அப்படியானால் எதற்காகத் திறப்பது? இரண்டே காரணங்கள்தாம்: மங்கலும் பூஞ்சையும்.

லென்ஸைச் சுழற்றிக் குவியப்படுத்தும் திருகுமறையில் தடவிய கிரீஸ் நாளாவட்டத்தில் எண்ணெயாகப் பிரிந்து ஆவியாகி, உள்முகங்களில் மெல்லிய படலமாய்ப் படிகிறது. இதுவே மங்கல். பூஞ்சை உயிருள்ள பொருள். அதன் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. லென்ஸுக்குள் அவை புகாமல் தடுக்க யாராலும் இயலாது. காற்றின் ஈரப்பதம் நெடுநாள் 70 விழுக்காட்டுக்குமேல் நின்று, இருளும் அசைவற்ற காற்றும் சேர்ந்தால் அவை முளைக்கும். ஐப்பசி கார்த்திகை அடைமழையில் பூட்டிய அலமாரி இதற்கென்றே செய்த தோட்டம் எனலாம். தூசும் எண்ணெயும் அதற்கு உணவு. சிலந்தி வலைபோல் இழை இழையாகப் பரவும் பூஞ்சை அமிலங்களைக் கசிந்து, முதலில் கண்ணாடியின் மேற்பூச்சையும் பின்பு கண்ணாடியையுமே அரிக்கும். தூசைப்போல் இது பொறுத்திருக்காது. இன்று இழையாக இருப்பதைத் துடைத்தெடுக்கலாம். சில ஆண்டுகள் கழித்து அதே இடத்தில் தடம் பதிந்துவிட்டால் எதனாலும் எடுக்க முடியாது.

படத்துக்கு இவை செய்யும் கேடு என்ன? நம் ஒளியியல் பாடத்தின்படி, பூச்சில்லாத கண்ணாடி முகம் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்புகிறது. இந்த லென்ஸில் காற்றைத் தொடும் முகங்கள் 8. 0.96-ஐ எட்டு முறை பெருக்கினால் 0.72 வரும். 28 விழுக்காடு ஒளி நஷ்டம். அதைவிடத் துன்பம், திரும்பிய ஒளி முகத்துக்கு முகம் மோதி, படத்தின் கரிய பகுதிகளில் வெண்புகையாய்ப் பரவுவது. இதைக் குறைக்கவே மக்னீசியம் ஃபுளோரைடு போன்ற பொருளை, பச்சை ஒளியின் அலைநீளத்தில் கால்பங்கு வருமாறு, சுமார் 100 நானோமீட்டர் கனத்தில் பூசுகிறார்கள். 1935-இல் சைஸ் நிறுவனத்தில் ஸ்மாகுலா என்பவர் இதற்கு வழிகண்டார். அவருக்கு முன்பே, 1890களில் இங்கிலாந்தின் டென்னிஸ் டெய்லர், காலப்போக்கில் நிறம் மாறிக் கறைபடிந்த பழைய லென்ஸ்கள் புதியவற்றைவிட அதிக ஒளியைச் செலுத்துவதைக் கவனித்தார். கறை என்று நாம் தேய்த்து எடுக்க நினைப்பது சில வேளைகளில் காலம் இலவசமாகப் பூசித் தந்த பூச்சாகவும் இருக்கலாம்! நீலச் சாயையோடு ஒரே சீராக இருக்கும் கறையைத் தேய்க்காதீர்கள்.

மங்கலும் பூஞ்சையும் ஒளியைச் சிதறடித்து, பூச்சால் கிடைத்த நன்மையை அழித்துவிடுகின்றன. வரலாற்றுத் துறைக்கு இது சிறு குறை அன்று. செங்கம் வட்டாரத்து நடுகற்களில் பல்லவர் காலத்து வட்டெழுத்துகள் மழையிலும் வெயிலிலும் தேய்ந்து போயிருக்கின்றன. அவற்றை எழுத்தின் நிறத்தைக் கொண்டு படிப்பதில்லை. காலை மாலைச் சாய்வெயிலில் வெட்டின் ஓரத்தில் விழும் நிழலைக் கொண்டு படிக்கிறார்கள். மங்கிய லென்ஸ் அந்த நிழலைச் சாம்பலாக்கிவிட்டால் எழுத்தே இல்லை. கைப்பேசி போதாதா என்று நண்பர்கள் கேட்டார்கள். பல வேளைகளில் போதும். ஆனால் நல்ல லென்ஸ் ஒன்று கையிலிருக்க, அதைப் பழைய இரும்போடு அனுப்புவானேன்?

எந்த முகத்தில் இருக்கிறது?

திறக்குமுன் அழுக்கு எந்த முகத்தில் இருக்கிறதென்று கண்டுகொள்ள வேண்டும். எட்டு முகங்களையும் துடைப்பது வீண்வேலை, ஆபத்தான வேலையும்கூட. இதற்கு நாம் முதலாண்டில் ஊசிகளை வைத்துச் செய்த இடமாறு தோற்றச் சோதனையே கைகொடுக்கிறது. டார்ச்சைப் பின்னால் வைத்து, தலையை இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். பூஞ்சை இழை முன்வளையத்தோடு சேர்ந்து அசைந்தால் அது முன்புறத்தில் இருக்கிறது. இதழ்த்தகடுகளின் விளிம்போடு ஒட்டி அசைந்தால் தகடுகளுக்கு அருகில் இருக்கிறது. தகடுகளுக்கு முன்னா பின்னா என்ற ஐயத்தையும் எளிதில் தீர்க்கலாம். முன்புறமிருந்து பார்த்துக்கொண்டே துவாரத்தை எஃப் 16-க்குக் குறுக்குங்கள். இழை மறைந்தால் தகடுகளுக்குப் பின்னால். மறையாமல் தகட்டின் மேல் படர்ந்து தெரிந்தால் முன்னால்.

நான் பார்த்தவரையில் இந்த லென்ஸில் அழுக்கு தகடுகளின் இருமருங்கிலும் இருந்தது: முன் இரட்டையின் பின்முகத்தில் மங்கல், பின் இரட்டையின் முன்முகத்தில் மங்கலோடு பூஞ்சை. எட்டில் இரண்டு முகங்கள் மட்டுமே! முன்தொகுதியையும் பின்தொகுதியையும் முழுதாகத் திருகி எடுத்தால் இவ்விரண்டும் தாமாகவே வெளிப்படும். எந்த வில்லையையும் அதன் கூட்டிலிருந்து தனியே பிரிக்க வேண்டியதில்லை. இந்தச் செய்தி தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. கூட்டுக்குள் வில்லைகளுக்கிடையேயுள்ள தூரம் தொழிற்சாலையில் மிக நுட்பமாக அமைத்தது. அதைக் கலைத்துத் திரும்ப வைக்கையில் ஒரு வில்லை சிறிது சாய்ந்து அமர்ந்தாலும் படத்தின் ஒரு பக்கம் கூர்மை இழக்கும்.

வேண்டிய கருவிகள்

விலைகொடுத்து வாங்கியது ஒன்றே ஒன்று: லென்ஸ் ஸ்பானர். இரண்டு கூரிய கால்களை வேண்டிய அகலத்துக்கு நகர்த்தி இறுக்கிக்கொள்ளும் கருவி. சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. இதற்குப் பதிலாக ஜியோமெட்ரி பெட்டிக் காம்பஸையோ கத்தரிக்கோல் நுனியையோ நாடவேண்டாம். வழுக்கினால் நேரே கண்ணாடிமேல் போய் நிற்கும்.

மற்றவையெல்லாம் வீட்டிலும் கல்லூரியிலும் இருந்தவை. வேதியியல் ஆய்வகத்தின் பெரிய ரப்பர் தக்கை ஒன்று. அதன் அகன்ற முகத்தின் நடுவைக் குடைந்துவிட்டால், கண்ணாடியைத் தொடாமல் பெயர் பொறித்த முன்வளையத்தை மட்டும் பிடித்துத் திருகும். மருந்துக் கடையில் காதுக்குத் தண்ணீர் பீய்ச்ச விற்கும் ரப்பர் குமிழ் காற்றூதிக்கு. புதிய ஓவியத் தூரிகை ஒன்று. நிறமாலைமானிக்கு நம் ஆய்வகத்தில் வைத்திருக்கும் லென்ஸ் தாள். காய்ச்சி வடித்த நீர், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், ஹைட்ரஜன் பெராக்சைடு. மேசையில் விளிம்புள்ள தாம்பாளம் ஒன்றை வைத்து, அதில் வெளுத்த துண்டை விரித்துக்கொண்டால் கீழே விழும் வளையமும் திருகாணியும் உருண்டு ஓடாது. கழற்றிய பொருள்களை வைக்க, அம்மா ஒதுக்கிவிட்ட இட்லித் தட்டைப்போல் வசதியானது வேறில்லை. முதற்குழியில் முதலில் கழற்றியது, அடுத்த குழியில் அடுத்தது என்று வலமாக வைத்துக்கொண்டே போய், பூட்டும்போது இடமாகத் திரும்பி வரலாம். ஒவ்வொரு படியிலும் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பழைய காலத்துத் தொழிலாளிக்குக் கிட்டாத வசதி அது.

தரையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்கார வேண்டும். வியர்க்கும், வியர்வை லென்ஸில் சொட்டாமல் நெற்றியில் துண்டு கட்டிக்கொள்வதும் ஒரு கருவியே.

திறத்தல்

என் கையிலிருந்த ஹீலியோஸில் வேலை இப்படிச் சென்றது. ரப்பர் தக்கையை முன்வளையத்தில் அழுத்தி இடப்புறம் திருக, பெயர் பொறித்த வளையம் கழன்றது. அதன் கீழே முன்தொகுதியின் கூட்டில் ஸ்பானர் கால் பதியும் வெட்டுகள் தெரிந்தன. லென்ஸைக் கவிழ்த்தால் பின்தொகுதியிலும் அப்படியே. இந்த லென்ஸ் ஒன்றுக்கு மேற்பட்ட தொழிற்சாலைகளில் செய்யப்பட்டதால், உங்களுக்குக் கிடைப்பதில் சிறு வேறுபாடுகள் இருக்கலாம். பக்கவாட்டில் நுண்ணிய திருகாணி ஏதேனும் வளையத்தைப் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே திருக வேண்டும்.

பின்தொகுதி அசைய மறுத்தது. இத்தகைய நேரத்தில் பலத்தைக் கூட்டுவது இயற்கை, அதுவே கேடு. பல்குத்தும் குச்சியின் நுனியில் ஆல்கஹாலைத் தொட்டு, திருகுமறையின் விளிம்பில் ஒரு சொட்டு மட்டும் வைத்து, கால் மணி நேரம் காத்திருந்தேன். உலர்ந்த கிரீஸும் கறுப்புப் பெயிண்டும் இளகின. மூன்றாம் முறை வைத்தபின் வளையம் 'டக்' என்று விட்டுக் கொடுத்தது. அந்த ஓசை கேட்டு அடுக்களையிலிருந்து அம்மா, "உடைச்சிட்டியாடா?" என்றார்கள்.

இரு தொகுதிகளையும் எடுத்துவிட்டால் நடுவில் இதழ்த்தகடுகள் திறந்து நிற்கும். மயிற்பீலிபோல் மெல்லிய எஃகுத் தகடுகள். விரல் பட்டால் இடம் பெயரும். ஒன்று கழன்றால் எட்டையும் மறுபடி அடுக்க ஒரு நாள் போகும். அவற்றின்மேல் எண்ணெய்ப் பூச்சு பளபளத்தது. தானியங்கித் துவாரமுள்ள லென்ஸ்களில் இந்த எண்ணெய் பெருங்குற்றம். படம் எடுக்கும் கணத்தில் வில் இழுத்தும் தகடுகள் சோம்பி நிற்கும். ஹீலியோஸ் 44-2-இல் துவாரத்தை நாமே கையால் வளையத்தைச் சுழற்றிக் குறுக்குகிறோம். எனவே ஒட்டிக்கொள்ளாதவரை அந்த எண்ணெயால் இயக்கத்துக்குக் குறையில்லை. எண்ணெய் ஆவியாகி மறுபடி மங்கல் தரக்கூடும் என்பது மெய். அதற்குச் சில ஆண்டுகள் ஆகும். தகடுகளைக் கலைப்பதைவிட, மங்கல் வந்தபின் இன்னொரு முறை துடைப்பது எளிது என்று எண்ணி அவற்றைத் தொடவில்லை.

துடைத்தல்

நம் தெருவில் பறக்கும் தூசில் மணல் கலந்திருக்கிறது. மணல் என்பது குவார்ட்ஸ். மோவின் கடினத்தன்மை அளவில் அதன் எண் 7. லென்ஸ் கண்ணாடியும் அதன் பூச்சும் அதைவிட மென்மையானவை. தூசு படிந்த வில்லையை உலர்ந்த துணியால் துடைப்பது உப்புத்தாளால் தேய்ப்பதற்குச் சமம். வேட்டி முனையாலும் சேலைத் தலைப்பாலும் மூக்குக்கண்ணாடி துடைத்துப் பழகிய நமக்கு இது உறைப்பதில்லை. குத்துவிளக்குக்கு விபூதி போல, கண்ணாடிக்குப் பற்பசை என்று சொல்லும் அன்பர்களும் உண்டு. இரண்டும் நுண்பொடிகள், 100 நானோமீட்டர் பூச்சு அவற்றின்முன் எம்மாத்திரம்?

ஆகவே முதலில் லென்ஸைக் கவிழ்த்துப் பிடித்து ரப்பர் குமிழால் காற்றை ஊதுக. வாயால் ஊதினால் எச்சில் தெறிக்கும். பிறகு தூரிகையால், பூவின்மேல் தூசு தட்டுவதுபோல் தட்டுக. உராயக்கூடிய துகள் எதுவும் இல்லை என்று உறுதியான பின்னரே ஈரம்.

பெராக்சைடு மருந்துக் கடைகளில் பெரும்பாலும் 6 விழுக்காடாகக் கிடைக்கிறது. சம அளவு காய்ச்சி வடித்த நீர் சேர்த்து 3 விழுக்காடாக்கிக்கொண்டேன். கண்ணில் படாமல் காத்துக்கொள்ள வேண்டும். பூஞ்சை வித்துகள் பறக்குமாதலால் மூக்கை மூடிக்கொள்வதும் நன்று. ஒரு விதியை மட்டும் மறக்கவே கூடாது: நீர்மத்தைத் தாளில் தொடவேண்டும், வில்லையின்மேல் ஊற்றக்கூடாது. இந்த இரு முகங்களும் ஒட்டிய இரட்டைகளுக்குச் சொந்தமானவை. ஊற்றிய நீர்மம் நுண்புழை ஏற்றத்தால் விளிம்பின் சந்துக்குள் ஏறிப் பசையை அடைந்துவிட்டால், ஓரத்து வானவில் வளையங்கள் விருந்தாளிகளாக வந்துசேரும்.

முகங்கள் இரண்டும் கிண்ணம்போல் குழிந்தவை. விரலால் துடைத்தால் நடுவில் அழுத்தமும் ஓரத்தில் அழுக்கும் மிஞ்சும். பஞ்சு சுற்றிய குச்சியின்மேல் லென்ஸ் தாளைப் போர்த்தி, பெராக்சைடில் நனைத்துப் பிழிந்து, பூஞ்சையின்மேல் ஐந்து நிமிடம் ஒற்றி வைத்தேன். பிறகு நடுவிலிருந்து ஓரத்துக்குச் சுருள் சுருளாக, குச்சியின் எடையே அழுத்தமாக, ஒரே ஒரு சுற்று. அந்தத் தாளை எறிந்துவிட்டுப் புதிய தாள். ஒரு முறை துடைத்த தாளைத் திருப்பித் துடைப்பது, எடுத்த அழுக்கைத் திரும்பப் பூசுவது. அதன்பின் ஆல்கஹால், கடைசியாகக் காய்ச்சி வடித்த நீரில் ஈரமாக்கிய தாள். இரு முகங்களுக்குமாக 34 தாள்கள் செலவாயின. ஆய்வக உதவியாளர் அண்ணன் எண்ணித்தான் கொடுத்திருந்தார். எண்ணித்தான் கணக்கும் கேட்டார்!

2020-க்குப் பின் வீட்டுக்கு வீடு நுழைந்துவிட்ட சானிட்டைசரை ஆல்கஹாலுக்குப் பதிலாகக் கொள்ளலாமா என்று கேட்கலாம். கூடாது. கைத்தோல் வறளாதிருக்க அதில் கிளிசரின் சேர்ப்பார்கள். அது வில்லையில் பிசுக்காய்த் தங்கும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோனும் ஆகாது. கூட்டின் கறுப்புப் பெயிண்டைக் கரைத்து அதையே வில்லையின்மேல் பூசிவிடும்.

மங்கல் ஒரே சுற்றில் போயிற்று. பூஞ்சை மூன்று சுற்றுகளில் போயிற்று. ஆனால் அது படர்ந்த இடத்தில், சாய்ந்த ஒளியில் மட்டும் தெரியும் வெளிறிய கிளைத்தடம் ஒன்று நிற்கிறது. பூச்சு அரிபட்ட தடம் அது. இனி எத்தனை முறை துடைத்தாலும் போகாது. துடைத்தால் சுற்றியுள்ள நல்ல பூச்சுதான் தேயும். அங்கே நிறுத்திக்கொண்டேன்.

குவியப்படுத்தும் வளையம் சற்று இறுக்கமாகச் சுழல்கிறது. பழைய கிரீஸ் கெட்டிப்பட்டதன் விளைவு. அதையும் பிரித்துப் புதுக் கிரீஸ் தடவலாமே என்று ஆசை எழாமலில்லை. ஆனால் அந்தத் திருகுமறை ஒற்றைப் புரி கொண்டதன்று. பல புரிகள் அடுத்தடுத்துத் தொடங்குவது. பிரியும் இடத்தைக் குறித்துக்கொள்ளாமல் கழற்றினால், திரும்பப் பூட்டும்போது எல்லாப் புரியும் ஏற்கும், ஒன்றே சரியானது. தவறான புரியில் பூட்டினால் தொலைவிலுள்ள மலை ஒருநாளும் தெளியாது. இறுக்கமான வளையத்தோடும் படம் எடுக்க முடிகிறது. ஆதலின் விட்டுவிட்டேன்.

பூட்டுதலும் சோதனையும்

பூட்டும்போது திருகுமறையை முதலில் இடப்புறமாக மெல்லச் சுழற்ற வேண்டும். புரியின் முனை புரியில் விழும் சிறு துள்ளல் விரலுக்குத் தெரியும். அதன் பின்னரே வலப்புறம். ஊறுகாய் ஜாடி மூடியிலும் இதே முறைதான். மென்மையான அலுமினியப் புரிகள் குறுக்கே ஏறிவிட்டால் மீட்பது கடினம். கூடுகள் அடியில் முழுதாய் உட்காரும்வரை திருகி, அதற்குமேல் பலம் காட்டாமல் நிறுத்த வேண்டும்.

திறக்குமுன்பே ஒரு படம் எடுத்து வைத்திருந்தேன்: பகலில் சன்னலோரம் விரித்து வைத்த கறுப்புக் குடை, அதன் பக்கத்தில் செய்தித்தாள், சட்டத்துக்குச் சற்று வெளியே வெயில் வானம். அதே இடம், அதே வேளை, அதே துவாரத்தில் மீண்டும் எடுத்தேன். முன்பு சாம்பலாயிருந்த குடை இப்போது கறுப்பாயிருக்கிறது. குடைத்துணியின் மடிப்புகளை எண்ண முடிகிறது. செய்தித்தாளின் எழுத்துக் கூர்மையில் பெரிய வேறுபாடு இல்லை. மங்கல் கெடுப்பது கூர்மையை அல்ல, கருமையை என்பதற்கு இதுவே சான்று. பின்தொகுதி சாய்ந்து அமரவில்லை என்பதை அறிய, செங்கற்சுவர் ஒன்றை நேரெதிரே நின்று எடுத்து நான்கு மூலைகளையும் ஒப்பிட்டேன். எஃப் 2-இல் நான்கும் ஒருபோல் மென்மை. எஃப் 8-இல் நான்கும் ஒருபோல் கூர்மை. முழுத்திறப்பில் மூலைகள் மென்மையாயிருப்பது இந்த லென்ஸின் பிறவிக்குணம்.

காமிரா இறந்துவிட்டதே, லென்ஸால் என்ன பயன் என்பீர்கள். இது எம் 42 திருகு கொண்ட லென்ஸ். அமரும் விளிம்பிலிருந்து படலம்வரை 45.46 மி.மீ. தூரம் இதற்கு வேண்டும். கேனான் ஈ.எஃப். வகைக் காமிராவில் அத்தூரம் 44 மி.மீ.; மீதியை மெல்லிய வளையம் ஒன்று நிரப்பிவிடும். நிகான் எஃப் வகையில் 46.5 மி.மீ. இருப்பதால் வெறும் வளையத்தால் தொலைவைக் குவியப்படுத்த இயலாது. வரலாற்றுத் துறையில் இருப்பது நல்வாய்ப்பாகக் கேனான். பதினேழாம் நாள் லென்ஸைத் திரும்ப ஒப்படைத்தேன். ஐயா குடைப் படங்கள் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, பட்டியலில் லென்ஸ் இருந்த வரியை மட்டும் அடித்துச் சுருக்கொப்பமிட்டார். மூன்றாமாண்டு வரலாற்று மாணவர்களின் அடுத்த களப்பயணத்துக்கு அது போகிறது.

இனி அதை வைக்கும் இடம். லென்ஸோடு வந்த பழுப்புத் தோலுறையில் அதை வைக்கவேண்டாமென்று கேட்டுக்கொண்டிருக்கிறேன். தோல் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். பூஞ்சைக்கு உணவும் அதுவே. இறுக மூடும் ஞெகிழிப் பெட்டி, அதனுள் ஈரப்பதமானி ஒன்று, சிலிகா ஜெல் ஒரு பொட்டலம் போதும். பெட்டிக்குள் ஈரப்பதம் 40-லிருந்து 50 விழுக்காட்டுக்குள் நிற்கட்டும். சிலிகா ஜெல்லுக்குப் பதில் அரிசி போடுவது வேண்டாம். மாவுத்தூசு லென்ஸுக்குள் போகும். நீல நிறச் சிலிகா ஜெல் ஈரம் குடித்து இளஞ்சிவப்பானதும் சூடேற்றினால் மீண்டும் நீலமாகும். அந்நிறம் தருவது கோபால்ட் உப்பு, நஞ்சு. ஆதலால் அதைச் சமையல் பாத்திரத்தில் வறுக்காமல் ஆய்வக அடுப்பில்தான் உலர்த்த வேண்டும். பூஞ்சையைக் கொல்ல வெயிலில் லென்ஸை வைப்பவர்கள் அது சூரிய ஒளியைக் குவித்து மேசைத்துணியைப் பொசுக்கும் என்பதை நினைவில் கொள்வார்களாக. மாதத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து இரண்டு படம் எடுத்தாலே காற்றும் வெளிச்சமும் பட்டுவிடும்.

குடைந்த ரப்பர் தக்கை வேதியியல் ஆய்வகத்திலும், லென்ஸ் ஸ்பானர் என்னிடமும் இருக்கின்றன. வீட்டில் பரண்மேல் பழைய காமிரா வைத்திருப்போர் வாங்கிச் செல்லலாம். லென்ஸ் தாள் மட்டும் அவரவர் செலவு.